முதியோருக்கான அறிவுரைகள்: ஒரு திறனாய்வு

அண்மையில் மதுரையில் ஒரு பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். ‘முதியோர் நலத்திற்குப் பத்துக் கட்டளைகள்’ என்பது அதன் தலைப்பு. அதை அச்சிட்டவர் யார் என்பது நமக்கு முக்கியமில்லை. நல்ல எண்ணத்துடன் அச்சிட்டிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரும் அதை வாங்கினார். கையை முழுவதும் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு வெளிச்சத்துக்காகத் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் நான்காக மடித்து வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார். காரணம் எளிது. எழுத்து மிகவும் பொடியாக இருந்தது.

நாற்பது வயதுக்கு மேல் விழிவில்லையின் நெகிழும் தன்மை குறைந்து, அண்மைப் பொருள்களின் மீது பார்வையைக் குவிக்க இயலாமல் போகிறது. இதை வெள்ளெழுத்து என்கிறோம். பள்ளியில் படிக்கும் உங்களுக்கும் இது தெரியும். முதியோருக்கென்றே எழுதப்பட்ட ஓர் அறிக்கையை அச்சிட்டவர்களுக்கு அந்த நேரத்தில் இது நினைவுக்கு வரவில்லை. அறிக்கையின் முதற்குறை அதன் பொருளில் இல்லை, எழுத்தின் அளவிலேயே இருக்கிறது.

இது சிறிய குறை என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பத்து வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இதே குறை வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வருகிறது. நாளிதழ்களிலும் வானொலியிலும் மருத்துவமனைச் சுவர்களிலும் நாம் காணும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இதே வகையைச் சேர்ந்தவை. 2021ஆம் ஆண்டுக்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்திய மாநிலங்களில் கேரளத்திற்கு அடுத்த இடம் நமக்கு. ஆகவே இந்த அறிவுரைகளைச் சற்று உரசிப் பார்ப்பது வீண் வேலையாகாது.

ஓர் அறிவுரை நல்லதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். அது காரணத்தைச் சொல்கிறதா? அளவைச் சொல்கிறதா? அதைச் செய்ய விடாமல் தடுப்பது எது என்று எண்ணிப் பார்த்திருக்கிறதா?

மதுரை கற்ற பாடம்

மூன்றாவது கேள்வி நான் புதிதாகக் கண்டுபிடித்தது அன்று. மதுரையே பல ஆண்டுகள் முயன்று கற்றுக்கொண்ட பாடம் அது.

கண்புரை என்பது விழிவில்லையிலுள்ள புரதங்கள் தம் ஒழுங்கு குலைந்து, தெளிவான வில்லை பால் போல் மங்குவது. அறுவை மருத்துவத்தால் பார்வையைத் திரும்பப் பெறலாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம்கள் நடந்தன. அறுவை இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. இனிப் பார்வையிழந்தோர் தாமாகவே வந்து குவிவார்கள் என்றுதானே நாம் எண்ணுவோம்?

அப்படி நடக்கவில்லை. ஏன் என்று அறியத் தென்னிந்தியாவில் 90 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1991இல் வெளியாயிற்று. சில ஊர்களில் அறிவுரை மட்டும் கூறினார்கள். சில ஊர்களில், ஏற்கனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்றவரே வீடு வீடாகச் சென்று பேசினார். சில ஊர்களில் அறுவையோடு உணவு, பயணச் செலவு ஆகியவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். செலவு முழுவதும் ஏற்கப்பட்ட ஊர்களில்தான் அறுவைக்கு ஒப்பியவர்கள் மிகுதி. அறுவை இலவசம்தான். ஆனால் பேருந்துக் கட்டணம் இலவசமில்லை. உடன் வரும் மகனுக்கு அன்றைய கூலி போகும். வீட்டில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் வைக்க ஆள் வேண்டும்.

1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவானது. கண் முகாம்கள் நடந்த தென்தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே, கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே முகாமுக்கு வந்திருந்தனர். வராதவர்கள் கூறிய காரணங்களில் அச்சமும் செலவும் குடும்பப் பொறுப்புகளும் முன்னின்றன. ‘இருக்கிற பார்வை போதும், சமாளித்துக்கொள்வேன்’ என்பவர்களும் இருந்தனர்.

இதற்குப் பிறகு ‘முகாமுக்கு வாருங்கள்’ என்று இன்னும் உரத்த குரலில் கூவியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், 2004 முதல் கிராமப்புறங்களிலேயே நிலையான சிறு பார்வை மையங்களை அமைத்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைச் சோதிப்பார். நகரிலிருக்கும் மருத்துவர் தொலைத்தொடர்பு வழியே நோயாளியோடு பேசுவார். அறிவுரை கேட்காதவர்களைக் குறை கூறாமல் அறிவுரை கூறியவர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொண்டார்கள். அறிவியல் முறை என்பது இதுதான்.

இப்போது நம் துண்டறிக்கைக்குத் திரும்புவோம். ‘ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்கிறது அது. எங்கே, எந்தக் கிழமை, யாருடன், எவ்வளவு செலவில் என்று ஒரு வார்த்தை இல்லை. மேற்கண்ட ஆய்வுகள் நடந்த இதே மண்ணில் அச்சான அறிக்கை இது.

‘நிறைய’ என்பது எவ்வளவு?

‘கோடையில் நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்பது அடுத்த கட்டளை. சித்திரை மாதத்து மதுரை வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் முதியவருக்கு மட்டும் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? இளைஞனுக்கு உடலில் நீர் குறைந்தால் தாகம் எடுக்கிறது. முதுமையில் அந்தத் தாக உணர்ச்சியே மழுங்கிவிடுகிறது. சிறுநீரகம் நீரைச் சிக்கனமாக வெளியேற்றும் திறனும் குறைகிறது. வியர்வை சுரப்பதும் தோலுக்குக் குருதி பாய்வதும் குறைவதால் உடல் வெப்பம் எளிதில் தணிவதில்லை. ஆகவே ‘தாகம் எடுக்கும்போது குடிக்கிறேன்’ என்னும் பெரியவரின் கணக்குத் தவறிப்போகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் நேரத்தைப் பார்த்துக் குடித்திருப்பார்.

அடுத்து, ‘நிறைய’ என்னும் சொல். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் சில வகைச் சிறுநீரக நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் நீரை அளந்து குடிக்கச் சொல்வார்கள். அவர்கள் ‘நிறைய’ குடித்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். மாறாக, இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்கள் கோடையில் விரைவில் நீரிழப்புக்கு உள்ளாகலாம். ஒரே கட்டளை ஒருவருக்கு மருந்தாகவும் மற்றவருக்குத் தீங்காகவும் முடிகிறது. ‘நான் நாளொன்றுக்கு எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், சிறுநீர் கரும்மஞ்சளாக இறங்கினால் நீர் போதவில்லை என்று கொள்ளுங்கள்’ என்று எழுத இரண்டு வரி போதும்.

விழுவதற்கும் காரணம் உண்டு

‘நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யுங்கள். வழுக்கும் இடங்களில் கவனமாக நடங்கள்.’ இவை இரண்டும் அருகருகே உள்ள கட்டளைகள்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டு, களையெடுத்து, வீட்டுக்கு நடந்து திரும்பும் மூதாட்டியிடம் நடைப்பயிற்சி பற்றிப் பேசுவது யாருக்காக? நடை நல்லதுதான். இதயத்துக்கும் நீரிழிவுக்கும் உகந்தது. ஆனால் விழாமல் காப்பதற்கு நடை மட்டும் போதாது. காலின் வலிமையையும் உடலின் சமநிலையையும் வளர்க்கும் பயிற்சிகளே வீழ்ச்சியைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது போன்றவற்றிற்குக் காசும் வேண்டாம், காலணியும் வேண்டாம். முதன்முறை செய்யும்போது அருகில் ஒருவர் நின்றால் போதும்.

கவனக்குறைவால்தான் முதியோர் விழுகிறார்கள் என்பது போல் அறிக்கை பேசுகிறது. படுக்கையிலிருந்து நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத குருதி கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடனே கழுத்துத் தமனியிலுள்ள உணர்விகள் செய்தி அனுப்ப, இதயம் விரைந்து துடிக்கிறது, குருதிக் குழல்கள் இறுகுகின்றன. முதுமையில் இந்த ஏற்பாடு மந்தமாகிறது. எழுந்து மூன்று நிமிடத்திற்குள் மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதை மருத்துவர்கள் நோயாகவே கொள்கிறார்கள். கண் இருட்டுகிறது, தலை சுற்றுகிறது, விழுகிறார். இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவை இதை மிகுவிக்கக்கூடும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் இருட்டில் வாசற்படி தடுக்கி விழுவதற்குப் பின்னால் இத்தனை உடலியல் இருக்கிறது.

விழுந்தால் தொடையெலும்பின் கழுத்து முறியும் ஆபத்து, எலும்பு நலிந்த முதிய பெண்களுக்கு மிகுதி. அதன்பின் படுக்கை, படுக்கைப் புண், நெஞ்சில் சளி. திடமாக நடமாடிக்கொண்டிருந்தவரை ஒரே இரவு சாய்த்துவிடுகிறது. ஆகவே சொல்ல வேண்டிய சொற்கள் வேறு. எழுந்ததும் இரண்டு நிமிடம் கட்டிலிலேயே அமர்ந்திருங்கள். கழிவறை வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடி அடிக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றில் பின்னிரண்டும் முதியவரால் ஆகிற காரியம் அன்று, வீட்டிலுள்ள இளையவர்கள் செய்ய வேண்டியவை. அறிவுரையை யாருக்கு எழுதுவது என்பதிலேயே தவறு நேர்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

முதுமையில் நோய் வேறு முகம் காட்டும்

‘காய்ச்சல், நெஞ்சுவலி இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்’ என்னும் வரிதான் இவற்றுள் மிகவும் ஆபத்தானது. ஏனெனில் இது பாதி உண்மை. முதியவர்களுக்கு நுரையீரல் அழற்சி காய்ச்சலே இல்லாமல் வரக்கூடும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேரனின் பெயரை மறந்து உளறினால், அதுவே நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ களைப்பாகவோ தோன்றலாம். ‘காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வயதானால் இப்படித்தான்’ என்று வீட்டார் ஒரு நாள் காத்திருப்பார்கள். அந்த ஒரு நாளில் உயிரே போய்விடக்கூடும்.

முதியோர் மருத்துவம் தனித்துறையாக வேண்டியிருப்பது இதனால்தான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் பேராசிரியர் வ. செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் அத்துறையில் முதுநிலைப் படிப்பும் தொடங்கியது. அவர் தமிழிலேயே முதியோருக்காக நூல்கள் பல எழுதினார். அந்த அறிவு நம் துண்டறிக்கைகளுக்கு இன்னும் இறங்கி வரவில்லை.

‘காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்’

பத்தாவது கட்டளை இது. ‘ஆவணங்களை நன்கு படித்துக் கையொப்பமிடுங்கள்’ என்று ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. பொடி எழுத்தில், பொடி எழுத்தைப் படிக்கச் சொல்கிறார்கள்!

காப்பீட்டின் தத்துவம் எளிது. ஆயிரம் பேர் சிறு தொகை கட்டுகிறார்கள். அவர்களில் நோயுற்ற சிலருக்கு அந்த நிதியிலிருந்து செலவாகிறது. யார் நோயுறுவார் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆயிரத்தில் ஏறத்தாழ எத்தனை பேர் என்று கணிக்கலாம். வயது ஏற ஏற அந்த எண்ணிக்கை கூடுகிறது, பிரிமியத் தொகையும் கூடுகிறது. ஆகவே காப்பீடு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாமல் போகிறது. இந்த முரண்பாட்டைச் சொல்லாமல் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது பயனற்றது.

2016ஆம் ஆண்டு விதிகளின்படி தனியார் மருத்துவக் காப்பீட்டில் 65 வயது வரையாவது புதியவர்களைச் சேர்க்க வேண்டும் என்றிருந்தது. அதற்கு மேல் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்த வரம்பை நீக்கி, எல்லா வயதினருக்கும் திட்டங்கள் இருக்க வேண்டும் என்றது. ஏற்கனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 48 மாதத்திலிருந்து அதிகம் போனால் 36 மாதம் என்றாயிற்று. தொடர்ந்து ஐந்தாண்டு பிரிமியம் கட்டியபின், மோசடி என்று மெய்ப்பித்தாலன்றி, ‘முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்’ என்று மறுக்க முடியாது. 2025 சனவரி முதல் மூத்த குடிமக்களின் பிரிமியத்தை ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான சரக்கு-சேவை வரியும் நீக்கப்பட்டது.

இவை நல்ல மாற்றங்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 68 வயதில் சேரும் நீரிழிவு நோயாளிக்கு 36 மாதம் காத்திருப்பு என்றால், நீரிழிவால் வரும் நோய்களுக்கு 71ஆம் வயதில்தான் பாதுகாப்பு. அதுவரை கட்டுகிற பிரிமியம் மற்ற நோய்களுக்கும் விபத்துக்கும் மட்டுமே. இதை முகவர் முதலில் சொல்வதில்லை.

அறை வாடகை வரம்பு என்று ஒன்று உண்டு. நாளுக்கு 2,000 ரூபாய் வரம்புள்ளவர் 4,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், வாடகையில் மட்டும் பாதி குறையும் என்றுதானே நினைப்போம்? அவ்வாறான நிபந்தனையுள்ள திட்டங்களில் மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் போன்ற தொடர்புடைய செலவுகளும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும். ‘கூட்டுச் செலுத்தல் 20 விழுக்காடு’ என்றிருந்தால் இரண்டு இலட்ச ரூபாய்ச் செலவில் 40,000 ரூபாயை நீங்கள் கட்ட வேண்டும்.

விபத்துக் காப்பீட்டில் இன்னொரு வேடிக்கை. 2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்திற்கு இரண்டு இலட்ச ரூபாய். மலிவானது, நல்லது. ஆனால் அது 70 வயதோடு முடிகிறது. வீழ்ச்சியும் எலும்பு முறிவும் மிகுதியாகும் வயதில் காப்பு நின்றுவிடுகிறது!

ஏழைகளுக்குத் தமிழ்நாட்டில் 2009 முதல் அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. இன்றைய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்ச ரூபாய் வரை மருத்துவம் கிடைக்கிறது. 70 வயது நிரம்பிய அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை நீட்டிக்க 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இங்கேதான் நம் திறனாய்வின் மையமான கேள்வி எழுகிறது. இவையெல்லாம் மருத்துவமனையில் படுத்தால் கிடைக்கும் பணம். முதியவர் ஆண்டில் எத்தனை நாள் மருத்துவமனையில் படுக்கிறார்? மாத்திரையோ ஆண்டின் எல்லா நாளும் உண்கிறார். மாத்திரைக்குக் காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பவர்தான் பிறகு பக்கவாதத்தால் படுக்கிறார். பக்கவாதம் வந்தபின் ஐந்து இலட்சம் தருவது காப்பீடு. வராமல் காப்பது மாதந்தவறாத மாத்திரை.

இந்த வகையில், 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை எண்ணிப் பாருங்கள். பணியாளர் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார். ‘வாருங்கள்’ என்பதற்குப் பதிலாக ‘வருகிறோம்’ என்கிறது. கண்புரை ஆய்வுகள் கற்பித்த பாடத்தின் வழியிலேயே இது செல்கிறது. இதை எந்த அறிவுரைத் தாளும் காப்பீடு என்று குறிப்பதில்லை. ஆனால் ஓர் ஏழை முதியவருக்கு உண்மையான காப்பீடு இதுவே என்பது என் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் மாணவர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தாத்தாவோ அப்பத்தாவோ இருப்பார். அவரிடம் காப்பீட்டுப் பத்திரம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். வாடிக்கையாளர் தகவல் தாள் என்னும் சுருக்கத்தைக் கேட்டால் தமிழிலேயே தர வேண்டும் என்பது 2024 முதல் விதி. புதிய திட்டம் பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, பயனில்லையெனில் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். காத்திருப்புக் காலம், அறை வரம்பு, கூட்டுச் செலுத்தல் ஆகிய மூன்று எண்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பத்திரத்தின் மேல் ஒட்டுங்கள். அதன் கீழே ஆம்புலன்சுக்கான 108, முதியோர் உதவிக்கான 14567 ஆகியவற்றையும் எழுதுங்கள். அவர் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலையும் சேர்த்துவிடுங்கள். மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்த முறை இப்படியொரு துண்டறிக்கை உங்கள் கைக்கு வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். அப்பத்தாவுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். ‘இதை நாளைக்கே செய்ய முடியுமா? முடியாதென்றால் எதனால்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை அந்த வரிக்கு எதிரே குறித்துக்கொண்டு, அச்சிட்டவருக்கு அனுப்புங்கள். அந்தப் பேருந்து நிலையப் பெரியவரிடம் அப்படிக் கேட்டிருந்தால், வேறு எதையும் சொல்வதற்கு முன், ‘எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள் தம்பி’ என்றுதான் சொல்லியிருப்பார்.